முட்டிக்குக் கீழே ஒரு திண்ணை

வெகுகாலம் கழித்துப் பிறந்த ஊருக்குப் போகிறவர்கள் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவ்வளவுதானா?" பள்ளிக்கூடத்து மைதானத்தைப் பார்த்தாலும், கோயில் குளத்தைப் பார்த்தாலும், தாத்தா வீட்டு முற்றத்தைப் பார்த்தாலும் அதே கேள்வி. யாரோ இரவோடு இரவாக வந்து ஊரைக் கொஞ்சம் இழைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று குரலில் ஒரு சின்ன ஏமாற்றம். பக்கத்தில் இருப்பவர் சமாதானம் சொல்வார்: "சின்ன வயசுல எல்லாமே பெருசாத்தான் தெரியும்." அத்தோடு காபி வந்துவிடும், பேச்சும் முடிந்துவிடும்.

அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. எல்லாம் ஒரே மாதிரியாகச் சிறுத்துப்போவதில்லை என்பதுதான் காரணம். திண்ணை ஒரு விதமாகச் சிறுக்கும். முற்றம் அதைவிட அதிகமாகச் சிறுக்கும். பத்தாயம் பரிதாபமாகச் சிறுக்கும். கிணறு சிறுக்கவே சிறுக்காது. அது வேறொரு காரியம் செய்யும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ருசியே இருக்கிறது.

திண்ணையிலிருந்தே ஆரம்பிக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடு, சிவப்புச் சிமெண்டு பூசிய திண்ணை. ஐந்து வயதில் அதன் மேல் ஏறுவது ஒரு முழு வேலை. இரண்டு உள்ளங்கையையும் மேலே ஊன்ற வேண்டும். ஓர் எம்பு எம்ப வேண்டும். வயிறு விளிம்பில் படியும்போது சிமெண்டின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி உள்ளே ஏறும். ஒரு முழங்காலைத் தூக்கிப் போட்டு, அதில் கொஞ்சம் சிராய்த்துக்கொண்டு, புரண்டு எழுந்து உட்கார்ந்தால் கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே ஆட்டிக்கொண்டிருக்கலாம். வளர்ந்து வந்தவருக்கு இதில் எதுவுமே கிடையாது. திரும்பி நிற்கிறார், உட்காருகிறார். வயிற்றுக்குக் குளிர்ச்சி தெரியவில்லை. பாதம் தரையில் ஊன்றிவிட்டது, ஆட்டவும் இடமில்லை. அப்போதுதான் "இவ்வளவுதானா?" வருகிறது. திண்ணையின் உயரத்தில் இருந்த நான்கு காரியங்கள் காணாமல் போனதற்குத்தான் அந்தக் கேள்வி.

இதில் தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாருமாகப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். சில வீடுகளுக்கு இறங்கித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் செங்கல் கட்டிவைத்திருப்பார்கள். ஆகவே திண்ணை சிறுத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அது முழுக்கப் பிரமை அல்ல. பாதி அவர் வளர்ந்தது, பாதி நகராட்சி வளர்த்தது.

ஏறுவதை விடுங்கள், நின்று பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கண் ஒன்றரை மீட்டரில். அரை மீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஒரு வீட்டின் சரக்குகளில் பாதி அந்த அரை மீட்டருக்குள் இடம் மாறிவிடுகிறது. குழந்தைக்கு மேசை என்றால் மேசையின் அடிப்பக்கம். தச்சர் பென்சிலால் போட்ட கணக்கு, வார்னிஷ் தொடாத வெள்ளை மரம், சிலந்தி கட்டிய மூலை எல்லாம் அங்கேதான் இருந்தன. ஊஞ்சல் பலகையின் அடியில் சங்கிலி மாட்டிய இரும்பு வளையம் எப்படித் திருகப்பட்டிருந்தது என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் நாற்பது வருஷம் மத்தியானத் தூக்கம் போட்ட தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பாட்டியின் புடவைக் கொசுவத்தில் செருகிய சாவிக்கொத்து கண்ணுக்கு நேர் எதிரே ஆடும். திரும்பி வரும்போது மேசையின் மேல்பக்கம்தான் கண்ணில் படுகிறது: ஒரு கண்ணாடி, அதன் அடியில் பழைய காலண்டர் படம், மின்கட்டண அட்டை. வீடு சிறுத்ததைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது. அடிப்பக்கங்கள் எல்லாம் போய்விட்டன.

நேர்மாறாக நடப்பது நிலைவாசலில். பழைய வீடுகளில் நிலை தாழ்வாக இருக்கும், கீழே வாசற்படி உயரமாக இருக்கும். படியைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்கும் நேரத்தில்தான் நெற்றி நிலையில் இடிக்கும். அந்த இரண்டு உயரங்களையும் யோசித்து வைத்த ஆசாரி சாதாரண ஆள் இல்லை. குழந்தைக்குப் படிதான் தடை. நிலை எங்கோ மேலே, மாவிலைத் தோரணத்தோடு. வளர்ந்தவருக்குப் படி ஒரு பொருட்டே இல்லை, நிலைதான் தடை. உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுப்பார்: "நிலை இடிக்கும், குனிஞ்சு வாப்பா." முன்பு அதே அத்தை, "படி தடுக்கும், பார்த்து வாடா" என்றவர். இரண்டு எச்சரிக்கைக்கும் நடுவே 'டா' போய் 'ப்பா' வந்திருக்கிறது. அந்த ஒரு விகுதியில் நாம் வளர்ந்த அத்தனை அடியும் இருக்கிறது.

இனி முற்றம். முற்றம் ஏன் திண்ணையைவிட மோசமாகச் சிறுத்துப்போகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஐந்து வயதில் நம் உயரம் வளர்ந்தபின் உள்ள உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நம் உடம்பை வைத்து அளந்தால், அன்று மூன்றாக இருந்த நீளம் இன்று இரண்டாகத் தெரியும். அது நீளத்துக்கு மட்டும். பரப்பு என்று வந்தால் நீளமும் அகலமும் சேர்ந்து சுருங்கும். ஒன்பது பங்கு நான்காகிவிடும், பாதிக்கும் கீழே. கொள்ளளவு என்றால் மூன்று பக்கமும் சுருங்கி, இருபத்தேழு பங்கில் எட்டுத்தான் மிஞ்சும். மனசு இப்படி வாய்ப்பாடு போட்டுப் பார்க்கிறது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் படும் அதிர்ச்சியின் வரிசை இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். சுவரைப் பார்த்து யாரும் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை. முற்றத்தைப் பார்த்தால் திடுக்கிடுகிறார்கள். பத்தாயத்தைப் பார்த்தால் சிரித்தே விடுகிறார்கள்.

பத்தாயம் தெரியாதவர்களுக்கு: நெல் சேமிக்க வீட்டுக்குள்ளேயே வைத்த பெரிய மரப்பெட்டி. மேலே வாய், அதில் கொட்டுவார்கள். அடியில் ஒரு சின்னத் திறப்பு, அதன் வழியே வேண்டும்போது நெல்லைத் தள்ளி எடுப்பார்கள். நெல் தீரும் தறுவாயில் மூலைகளில் தங்கியதைக் கூட்டித் தள்ள வீட்டில் இருக்கும் சின்னப் பயலை மேல்வாய் வழியாக உள்ளே இறக்குவார்கள். உள்ளே ஒரே இருட்டு. நெல்லின் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிக்கும். பேசினால் குரல் பலகையில் பட்டுக் கொஞ்சம் கனமாகித் திரும்பி வரும். எழுந்து நின்றாலும் தலை வாயை எட்டாது. அந்தப் பயல் பெரியவனாகி, கடைசியாக ஒருமுறை அதைப் பார்க்க வந்தால், கூடத்து மூலையில் பழைய பாயும் ஓட்டை அண்டாவும் போட்டுவைத்த ஒரு பெட்டி நிற்கும், தோளளவு. உள்ளே எட்டிப் பார்த்தால் அடிப்பலகை இதோ பக்கத்திலேயே! அவன் முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, பாதி வெட்கம், பாதி துக்கம். அதை ஒரு நல்ல நடிகர்கூட நடித்துக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

கிணறு சிறுக்காது என்று சொன்னேன். அதன் கைப்பிடிச்சுவர் இரண்டரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அது நெஞ்சளவு. "எட்டிப் பார்க்காதே" என்று திட்டு விழுந்தபோதெல்லாம் எதற்கு இந்தக் கூப்பாடு என்றுதான் இருந்தது. விழ வேண்டுமானால் ஏறித்தானே விழ வேண்டும்? வளர்ந்து வந்து பக்கத்தில் நின்றால் அதே சுவர் தொடையளவு. உடம்பின் பாதிக்கு மேல் சுவருக்கு மேலே நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் போதும். சுவர் சிறுத்ததால் பள்ளம் பெருத்துவிட்டது. அம்மா இத்தனை வருஷம் எந்தக் கிணற்றைப் பார்த்துப் பயந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். அவளும் நானும் பார்த்தது ஒரே கிணற்றை அல்ல.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. பழைய மாணவர் கூட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரப் பார்த்து, முட்டி மேசையில் இடித்து, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். தெருவின் தூரம்தான் நின்று பார்க்க வேண்டிய விஷயம். ஆளின் உயரத்துக்குத் தகுந்தபடிதான் எட்டு விழும். வளர்ந்தவர் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 1,400 எட்டு வைத்தால் ஐந்து வயதுக்காரனுக்கு 2,000க்கும் மேலே ஆகும். அத்தனை எட்டும் சும்மா போவதில்லை. "கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு, மீதிச் சில்லறை" என்று முனகிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கடிக்கிற நாய் உள்ள வீடு, அதைத் தாண்ட எதிர்ச் சாரிக்குப் போக வேண்டும். அடுத்து வேப்பமரத்துப் பிள்ளையார், ஒரு தோப்புக்கரணம். அடுத்து சைக்கிள் கடை, அங்கே பஞ்சர் பார்க்கும் அலுமினியத் தண்ணித் தொட்டியில் குமிழி வருவதைக் கொஞ்சம் பார்க்காமல் போக முடியாது. மளிகைக் கடை வந்து சேர்வதற்குள் பருப்பு கால் கிலோவா அரைக் கிலோவா என்று மறந்துபோயிருக்கும். இப்போது ஸ்கூட்டரில் போனால் அந்தத் தெரு முப்பது விநாடி. நாயும் இல்லை, முனகலும் இல்லை.

ஆக, ஞாபகம் நம்மை ஏமாற்றிவிட்டது என்று இதைச் சொல்கிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாபகம் அன்று அளந்ததை அச்சுப் பிசகாமல் வைத்திருக்கிறது. கோல்தான் மாறிவிட்டது. இதில் ஆச்சரியப்பட நமக்கு உரிமையே இல்லை. உடம்பை வைத்து அளந்தே பழகிய ஜனங்கள் நாம். சோழர் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோலுக்கே பதினாறு சாண் கோல் என்று பெயர் வருகிறது. இன்றும் பூக்கடையில் முழம் போடுகிறவர் கையைப் பார்த்துத்தான் பெண்கள் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குட்டைக் கைக்காரம்மாவிடம் நாலு முழம் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் மூன்றரை ஆகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விவேகத்தை ஏனோ தாத்தா வீட்டு முற்றத்துக்கு நாம் பயன்படுத்துவதில்லை.

உடம்புதான் கோல் என்பதை ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2011இல் அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆளைப் படுக்க வைத்துக் கண்ணில் திரைக்கண்ணாடி மாட்டினார்கள். அதில் அவருக்குத் தன் உடம்பு தெரியாது. பக்கத்தில் கிடக்கும் பொம்மையின் உடம்பு, அவரே தலையைத் தூக்கிக் காலைப் பார்ப்பது போலத் தெரியும். பிறகு ஒரு குச்சியால் அவர் காலையும் பொம்மையின் காலையும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொம்மை உடம்பு தன்னுடையது என்று மனசு ஒப்புக்கொண்டுவிட்டது. பொம்மைகளில் 30 செ.மீ. பார்பி உண்டு, 4 மீட்டர் ராட்சதனும் உண்டு. சின்ன உடம்புக்குள் போனவர்களுக்குச் சுற்றியுள்ள பொருள்கள் பெரிதாகவும் தூரமாகவும் தெரிந்தன. ராட்சத உடம்புக்குள் போனவர்களுக்குச் சின்னதாகவும் பக்கத்திலும். 2013இல் பார்சிலோனாவில் இன்னொரு படி மேலே போனார்கள். மெய்நிகர் உலகில் சிலருக்கு நான்கு வயதுக் குழந்தையின் உடம்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு அதே உயரத்துக்குச் சுருக்கிய பெரியவர் உடம்பு. உயரம் ஒன்றுதான், ஆனால் குழந்தை உடம்பில் இருந்தவர்களுக்குத்தான் பொருள்கள் கூடுதலாகப் பெருத்துத் தெரிந்தன. முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தால் பழைய முற்றம் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதாது.

உடம்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள்களுக்குத்தான் இந்த விளையாட்டெல்லாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடியைத் தாண்டியது. அதற்கு முன்னால் நம் கண் அரை மீட்டர் ஏறியதும் ஒன்றுதான், ஏறாததும் ஒன்றுதான். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரிசையில் நின்று அண்ணாந்தபோது கழுத்து எவ்வளவு வலித்ததோ, அவ்வளவே இன்றும் வலிக்கும். (இன்று கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும். அதற்குக் காரணம் வேறு.)

விமானத்தைவிட எனக்குப் பிடித்தது அங்கே உள்ள துவாரபாலகர். அவர் காலருகே ஒரு பாம்பு. அந்தப் பாம்பின் வாயில் ஒரு யானை, பாதி உள்ளே போய்விட்டது. தஞ்சாவூர்க்காரனுக்கு யானை எவ்வளவு பெரிது என்று தெரியும். தெருவில் பார்த்திருக்கிறான், தும்பிக்கையால் தலையில் தட்டு வாங்கியிருக்கிறான். அதை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அது காலருகே நெளிகிற அளவுக்கு அந்த ஆள் எவ்வளவு பெரியவர்? அவரே வியந்து கையை விரித்து உள்ளே இருப்பவரைக் காட்டுகிறார் என்றால்? கல்லின் உயரம் என்னவோ அதேதான். சிற்பி ஒரு யானையை உள்ளங்கை அளவுக்குச் செதுக்கி, பார்க்கிறவரை எறும்பாக்கிவிட்டான். ஸ்டாக்ஹோம்காரர்கள் கண்ணாடி மாட்டிச் செய்ததை இவன் உளியால் செய்திருக்கிறான், ஆயிரம் வருஷம் முன்னால். குழந்தையாக இருக்கும்போது இந்த யானை கண்ணில் படாது. அதற்கு அது தேவையும் இல்லை, ஏற்கெனவே எல்லாம் பெரிதுதான். இந்த ஏற்பாடு வளர்ந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது.

வெளியே வந்தால் நந்தி. நாயக்கர் காலத்து ஒற்றைக்கல் நந்தி, சுமார் 12 அடி உயரம். அது வளர்ந்துகொண்டே போனதாகவும், மண்டபத்தை இடித்துவிடும் என்று பயந்து முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை. சின்ன வயதில் இதைக் கேட்காத தஞ்சாவூர்ப் பிள்ளை இல்லை. எனக்கு அந்தக் கதையின் குறும்பு வளர்ந்தபிறகுதான் பிடிபட்டது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் திரும்பிப் பார்க்கும்போது சிறுத்துப்போகையில், இது ஒன்று மட்டும் வளர்கிறது என்று யாரோ ஒரு பாட்டி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். வளர்ந்து வந்து பார்த்து, "என்ன, முன்பைவிடச் சின்னதா இருக்கே?" என்றால், "ஆணி அடிச்சாச்சு இல்லையா" என்று பதிலும் தயார்.

நிஜமாகவே வளர்வது மரம்தான். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் கொல்லையில் நட்ட வேப்பங்கன்று நம் உயரத்தைத் தாண்டி, ஓட்டைத் தாண்டி, நிழலை அடுத்த வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். திரும்பி வந்தவர்களுக்குக் கொல்லையில் ஒரு நிமிஷம் நிம்மதி கிடைப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அங்கே ஒன்றாவது இன்னும் அண்ணாந்து பார்க்கும்படி இருக்கிறது.

இந்தச் சுருக்கம் ஊரை விட்டுப் போனவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அங்கேயே தங்கிவிட்ட அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். "சிறுசா? அப்படியேதானே இருக்கு" என்பார். அவருடைய கோல் தினம் தினம் துளித்துளியாக நீண்டிருக்கிறது. தினம் தினம் முற்றத்தையும் அதை வைத்தே திருப்பி அளந்திருக்கிறார். கணக்கு எந்த நாளும் இடிக்கவில்லை. நமக்குத்தான் பழைய அளவு ஒரு பையில், புதிய கோல் இன்னொரு கையில்.

கடைசியாகக் கடல். இது சிறுப்பதும் இல்லை, அப்படியே இருப்பதும் இல்லை, கணக்குப்படி பெரிதாகிறது. பூமி உருண்டை என்பதால், அலை தொடும் இடத்தில் நிற்கிறவரின் கண் எவ்வளவு உயரமோ அதற்குத் தகுந்தபடி தொடுவானம் தள்ளிப் போகும். ஒரு மீட்டர் உயரத்துக் கண்ணுக்குத் தொடுவானம் சுமார் 3.6 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் கண்ணுக்கு 4.4 கி.மீ. ஐந்து வயதில் மெரினாவில் நின்று பார்த்ததைவிட இன்று முக்கால் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகக் கடல் நம் கண்ணுக்குள் வருகிறது. பத்தாயத்துக்கு அவ்வளவு துக்கப்படுகிறவர்களில் ஒருவர்கூட மெரினாவிலிருந்து திரும்பி வந்து, "கடல் நல்லா பெருத்துப்போச்சுடா" என்று சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை.